டோலக்கை மட்டும் நிறுத்துவது எப்படி?

எங்கள் பக்கத்துச் சின்னக் கோயில்களில் மின்சார மேளம் ஒன்று இருக்கும். நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஒரு இரும்புச் சட்டம், அதில் ஒரு முரசு, ஒரு சேகண்டி, இரண்டு மணி, கீழே ஒரு மோட்டார். தீபாராதனை நேரத்தில் குருக்கள் சுவிட்சைத் தட்டுவார். தண்டு சுழலும். அதில் மாட்டியிருக்கும் கம்பிகள் எல்லாவற்றையும் சேர்த்து அடிக்கத் தொடங்கும். கற்பூரம் அணைந்ததும் சுவிட்ச் அணையும், சத்தமும் வெட்டினாற்போல் நிற்கும்.

இந்த மேளத்தில் மணியை மட்டும் நிறுத்திவிட்டு முரசை மட்டும் கேட்க முடியாது. எல்லாம் ஒரே தண்டில் கட்டியிருக்கிறது. முன்பு முரசை ஒருவர் அடித்தார், மணியை இன்னொருவர் இழுத்தார். குருக்கள் தட்டைக் கீழே இறக்கும்போது அவர்களும் கையைத் தளர்த்தினார்கள். ஆள் போய் மோட்டார் வந்தது என்று மட்டும்தான் நாம் வருத்தப்படுகிறோம். தனித்தனியாக இருந்த ஒலிகள் ஒரு தண்டில் கட்டப்பட்டு ஒரே பொருளாகிவிட்டதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய மாற்றமாகப் படுகிறது. ஏனென்றால் நான் வாசிக்கும் கருவியிலும் அதேதான் நடந்திருக்கிறது.

நான் வாசிப்பது அரேஞ்சர் கீபோர்டு. தாமலும் சுற்றியுள்ள ஊர்களும்தான் என் எல்லை. கிழக்கே பாலுசெட்டி சத்திரம், மேற்கே ஓச்சேரி, காவேரிப்பாக்கம். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குத் தாமல் என்றால் ஒரு பெரிய ஏரி, ஒரு பெயர்ப் பலகை. எனக்கு அது ஆடி மாதக் கூழ் ஊற்றல், மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, கல்யாண வரவேற்பு. இவை எல்லாவற்றுக்கும் ஒரு கீபோர்டு, ஒரு பாடகர், ஒரு பாடகி. அதுதான் இப்போது ‘இன்னிசைக் கச்சேரி’.

வாசிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அரேஞ்சர் கீபோர்டில் ‘ஸ்டைல்’ என்று ஒன்று உண்டு. இடது கையால் ஒரு கார்டைப் பிடித்தால் போதும். டிரம்ஸ், டோலக், பேஸ் கிதார், வயலின் கூட்டம் எல்லாம் அந்தக் கார்டுக்கு ஏற்பத் தாமாகவே வாசிக்கும். வலது கை மெட்டை வாசிக்கும். ஸ்டைலுக்குள் தொடக்கம், நான்கு விதமான நடுப்பகுதி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது வரும் ‘ஃபில்’, முடிவு என்று துண்டு துண்டாக இருக்கும். இவற்றைப் பொத்தான் தட்டி மாற்றிக்கொண்டே போகலாம். குத்துப் பாட்டுக்கு ஒரு ஸ்டைல், தாலாட்டுக்கு ஒன்று, நாங்கள் ‘சிக்ஸ் எய்ட்’ என்று சொல்லும் திஸ்ர நடைக்குப் பத்துப் பதினைந்து. தமிழ்ப் பாட்டுக்கென்றே ஸ்டைல் தயாரித்துப் பென் டிரைவில் விற்பவர்களும் இருக்கிறார்கள்.

கருவியில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் தகரக் கூரை போட்ட மண்டபத்தில் வாசித்துப் பாருங்கள். ஹைஹாட், அதாவது டிரம்ஸில் ‘ச்சிக் ச்சிக்’ என்று ஓடும் ஜோடித் தட்டு, அந்தக் கூரையில் மோதித் திரும்பி வந்து பாடகியின் ‘ச’வையும் ‘ஸ’வையும் தின்றுவிடும். அதை மட்டும் குறைக்க வேண்டும். அடுத்த வாரம் தெருமுனையில், திறந்த வெளியில் கச்சேரி. இப்போது கிக் எனப்படும் பெரிய டிரம் காற்றில் கரைந்துவிடும். அதை மட்டும் கூட்ட வேண்டும். விலை குறைந்த மாடல்களில் ஸ்டைலின் மொத்தச் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அவ்வளவுதான். கிக்கைக் கூட்டினால் ஹைஹாட்டும் கூடவே ஏறும். கோயில் மோட்டாருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

*

இந்த இடத்துக்கு நாம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. மெல்லிசைக் குழுக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் மேடையின் ஒரு பக்கம் முழுக்கத் தாளக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தபேலா, டோலக், டிரம்ஸ், காங்கோ, இவற்றோடு கஞ்சிராவும் மராக்கஸும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர். எண்பதுகளின் இளையராஜா பாடல்கள் பலவற்றில் பல்லவிக்குத் தபேலா, இடையிசைக்கு டிரம்ஸ் என்று தாளம் கைமாறிக்கொண்டே இருக்கும். அதை மேடையில் கொண்டுவர அத்தனை பேரும் தேவைப்பட்டார்கள்.

1985இல் ரோலண்ட் நிறுவனம் ஆக்டபேடை வெளியிட்டது. எட்டுத் தட்டுகள், குச்சியால் அடித்தால் ஒவ்வொன்றும் ஒரு ஒலி. அது நம் ஊருக்கு வந்து ‘ரிதம் பேட்’ ஆனது. நான்கு பேர் செய்த வேலையை ஒருவர் செய்யத் தொடங்கினார். இருந்தாலும் அங்கே ஒரு மனிதர் இருந்தார். பாடகர் மூச்சு வாங்கினால் பார்த்து அடிப்பார். டோலக் தட்டை அடிக்காமல் விட்டால் டோலக் ஒலிக்காது. அதற்கு அடுத்த படிதான் கீபோர்டின் ஸ்டைல். இங்கே அந்த ஒருவரும் வேண்டாம்.

விந்தை என்னவென்றால், தாள இயந்திரங்கள் பிறந்தபோது இப்படிக் கட்டுண்டு பிறக்கவில்லை. ஜப்பானின் ஏஸ் டோன் நிறுவனம் 1967இல் ‘ரிதம் ஏஸ் எஃப்ஆர்-1’ என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. அதைச் செய்த இகுதாரோ காகேஹாஷிதான் பிறகு ரோலண்டைத் தொடங்கினார். 16 தாளக்கட்டுகள் கொண்ட அந்தப் பெட்டியிலேயே சிம்பல், கிளேவ்ஸ், கவ்பெல், பேஸ் டிரம் நான்குக்கும் தனித்தனிப் பொத்தான்கள் இருந்தன. 1980இல் வந்த ரோலண்டின் டிஆர்-808இல் ஒவ்வொரு ஒலிக்கும் தனித் திருகு, தனித்தனியாக வெளியே எடுக்கத் தனித் துளைகள். பெட்டி வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் குனிந்து ஸ்னேரைக் குறைக்கலாம், கிக்கை ஏற்றலாம். வாசிப்பவரின் கை அங்கே இருந்தது. வீட்டில் ஒருவர் தனியாக உட்கார்ந்து வாசிக்கும் கருவியாக அரேஞ்சர் வளர்ந்தபோது, அந்தத் திருகுகள் மேற்பரப்பிலிருந்து மறைந்தன. எளிமை என்ற பெயரில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ‘ஸ்டைல் வால்யூம்’.

மேற்பரப்பிலிருந்துதான் மறைந்தன. உள்ளே இன்னும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. 1983இல் மிடி என்ற பொதுமொழி வந்தது. கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான எண்களின் மொழி. 1991இல் அதற்கு மேல் ‘ஜெனரல் மிடி’ என்ற உடன்பாடு வந்து, தாளத்துக்கு 10ஆம் தடம் என்றும், ஒவ்வொரு தாள ஒலிக்கும் ஒரு எண் என்றும் வகுத்தது. கிக் 36. ஸ்னேர் 38. மூடிய ஹைஹாட் 42, திறந்த ஹைஹாட் 46. கிராஷ் சிம்பல் 49. உங்களிடம் 61 கீ உள்ள கீபோர்டு இருந்தால், ‘டிரம் கிட்’டைத் தேர்ந்தெடுத்துவிட்டு இடது ஓரத்துக் கடைசி கீயை அழுத்துங்கள். பெரும்பாலும் கிக் கேட்கும். அந்தக் கீயின் எண் 36.

காஞ்சிபுரத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. ஜக்கார்டுப் பெட்டியில் அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பும். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி மேலே ஏறும், அந்தக் கொக்கியோடு கட்டிய இழை ஏறும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். புடவையில் பார்க்கும்போது அது ஒரு முழு அன்னம், முழு மாங்காய். பெட்டிக்குள் அது ஏறிய இழைகளும் ஏறாத இழைகளும்தான். ஸ்டைலும் அப்படித்தான். காதுக்கு அது ஒரு ‘குத்து பீட்’. உள்ளே அது 36, 38, 42.

*

சரி, வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இழையை மட்டும் எப்படிக் கீழே விடுவது? எனக்குத் தெரிந்து மூன்று வழிகள்.

முதல் வழிக்கு வீட்டில் உட்கார்ந்து உழைக்க வேண்டும், மேடையில் சுலபம். ஸ்டைலைத் திருத்தும் வசதி உள்ள கீபோர்டில், நடுப்பகுதி நான்கையும் நான்கு கலவைகளாக மாற்றிவிடுவது. ஏ-யில் எல்லாம் உண்டு. பி-யில் கிக் இல்லை. சி-யில் டோலக் இல்லை. டி-யில் டிரம்ஸே இல்லை, டோலக் மட்டும். இப்போது அந்த நான்கு பொத்தான்களும் நான்கு பூட்டுச் சாவிகள். மேடையில் புதிதாக எதையும் கற்க வேண்டாம்.

இரண்டாவது வழி, தாளத்தை இரண்டு தடமாகப் பிரிப்பது. யமஹாவின் ஸ்டைலில் எட்டுத் தடங்கள்: தாளத்துக்கு இரண்டு, மற்றவை பேஸுக்கும் கார்டுகளுக்கும் பின்னணிக்கும். கோர்க் பிஏ வரிசையில் டிரம், பெர்கஷன் என்று பெயரிலேயே இரண்டாகப் பிரித்திருப்பார்கள். அதில் கிக்கையும் ஸ்னேரையும் மட்டும் வேறு ஒலியாக மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. மேலைநாட்டு டிரம்ஸை ஒரு தடத்திலும், நம் டோலக், தபேலா, கஞ்சிராவை இன்னொரு தடத்திலும் போட்டு வைத்தால், தடங்களைத் தனித்தனியாக நிறுத்தும் வசதியுள்ள மாடல்களில் ஒரு பொத்தானால் ஒரு பக்கத்தை நிறுத்தலாம். அந்த நிலையை ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ நினைவகத்தில் சேமித்தும் வைக்கலாம்.

மூன்றாவதுதான் உண்மையான திருகு. ரோலண்டின் ஜிஎஸ், யமஹாவின் எக்ஸ்ஜி என்ற வழிமுறைகளை ஏற்கும் கருவிகளில், ஒவ்வொரு தாள ஒலியின் அளவையும் தனியாக மாற்ற மிடியில் ஒரு வழி இருக்கிறது. மூன்று செய்திகளை வரிசையாக அனுப்ப வேண்டும். 99ஆம் கட்டுப்பாட்டில் 26, அதாவது ‘ஒலியளவை மாற்றப் போகிறேன்’. 98ஆம் கட்டுப்பாட்டில் ஒலியின் எண், ஹைஹாட்டுக்கு 42. பிறகு 6ஆம் கட்டுப்பாட்டில் 0 முதல் 127 வரை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. 26க்குப் பதில் 24 அனுப்பினால் அந்த ஒலியின் சுருதி மாறும், 28 அனுப்பினால் அது இடமோ வலமோ நகரும். திருகுகள் உள்ள ஒரு சின்ன மிடிப் பெட்டியில் இவற்றை ஏற்றிக் கேபிளால் இணைத்தால், 808இன் திருகுகள் திரும்பக் கிடைத்த மாதிரி. எல்லா மாடலிலும் இது வேலை செய்யாது; வெளியிலிருந்து வரும் செய்தியை ஸ்டைலின் தாளப் பகுதி ஏற்க வேண்டும். நடுவில் டிரம் கிட் மறுபடி ஏற்றப்பட்டால் அளவுகள் பழைய இடத்துக்கே போய்விடும். ஆனாலும் தகரக் கூரைக்குக் கீழே 42ஐ மெல்ல இறக்கும்போது பாடகியின் சொற்கள் ஒவ்வொன்றாக வெளியே வருவதைக் கேட்க வேண்டும்!

*

இதையெல்லாம் நான் தேடிப் போனது சத்தத்தைச் சீர்செய்ய மட்டும் இல்லை. ஒரு டோலக்காரர் காரணம்.

பக்கத்து ஊர்க்காரர். என்னைவிட இருபது வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கச்சேரிக் குழுக்களில் வாசித்தவர், பங்குனி சித்திரையில் கூத்துக்கும் போவார். ஒரு வளைகாப்புக்கு அவரை அழைத்துப்போனேன். இரண்டு பாட்டு முடிந்ததும் டோலக்கை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டார்.

“இன்னாண்ணா, கை வலிக்குதா?”

“கை இன்னா வலி. பொட்டியே எல்லாத்தையும் வாசிக்குதே தம்பி. நான் எங்க பூந்து வாசிக்கறது?”

அவர் சொன்னது கோபம் இல்லை, கணக்கு. ஸ்டைலுக்குள் ஏற்கெனவே ஒரு டோலக் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதையே வாசித்தால் ஒன்றும் கேட்காது. வேறு வாசித்தால் இரண்டும் மோதும். அதோடு கிக். டோலக்கின் இடதுகைப் பக்கம் எழுப்பும் அடி ஒலியும் கிக்கும் ஏறக்குறைய ஒரே தாழ்ந்த பகுதியில் ஒலிப்பவை. ஊர்க் கச்சேரி ஸ்பீக்கர் பாக்ஸில் கிக்தான் ஜெயிக்கும். மணிக்கட்டை அழுத்தி, தேய்த்து, அந்த ‘கும்’மை மேலே இழுத்து வளைப்பதில்தான் டோலக்காரரின் ஆயுள் அனுபவம் இருக்கிறது. அது யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்த முறை ஸ்டைலில் டோலக் தடத்தை நிறுத்தினேன். பல்லவி முழுக்கக் கிக்கையும் எடுத்துவிட்டேன். மிச்சம் இருந்தது பேஸ் கிதாரும் ஓரத்தில் ஒரு மெல்லிய ஹைஹாட்டும். அந்த வெற்றிடத்தில் அவர் நுழைந்தார். முதல் இரண்டு வரி சும்மா தொட்டுக்கொண்டு போனார். பிறகு பாடகர் ஒரு சொல்லை இழுத்தபோது, அவரும் இடது மணிக்கட்டால் தோலை இழுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியில் இரண்டு பேர் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். ஸ்டைல் ஓடி யாரும் தலையைத் திருப்பி நான் பார்த்ததில்லை.

“இப்பதான் மூச்சு வுட எடம் கீது” என்றார்.

அங்கிருந்துதான் எனக்கு இந்த விஷயம் வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது. தாள ஒலிகளைத் தனித்தனியாகக் கையாளும் வசதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைக் கூடுதல் கட்டுப்பாடு என்பார்கள். ஒரே ஆள் இன்னும் அதிகமாகச் செய்யலாம் என்று. எனக்கு அதன் பயன் நேர் எதிரானது. எதை வாசிக்காமல் விடலாம் என்று தேர்ந்தெடுக்க முடிகிறது. மொத்தமாகக் கட்டிய ஸ்டைலில் இன்னொரு மனிதருக்கு இடமில்லை. அவிழ்த்த ஸ்டைலில் இருக்கிறது.

காஞ்சிபுரம் பட்டின் கோர்வையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உடலும் கரையும் வேறு நிறம், வேறு ஊடை. நெய்பவர் ஒருவர், கரைக்கான நாடாவைத் தள்ள அருகில் இன்னொருவர். இரண்டும் சேரும் இடத்தில் ஒவ்வொரு வரிசையிலும் இழைகள் பின்னிக்கொள்ள வேண்டும். ஒரே ஆள் ஒரே நாடாவில் நெய்துவிடும் புடவையும் கடையில் கிடைக்கிறது, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. கோர்வையில் இரண்டு பேருக்கு வேலை இருப்பது யாரும் பார்த்துக் கொடுத்த சலுகை இல்லை. துணியின் அமைப்பே அப்படி.

*

ஒரு பிரச்சினை தீரவில்லை. ஒலிகளைப் பிரிக்கலாம், காலத்தைப் பிரிக்க முடியாது. கீபோர்டு நிமிடத்துக்கு 96 என்றால் கடைசிவரை 96தான். கூத்தில் அப்படி இல்லை. இந்த மாவட்டம் கூத்துக்குப் பெயர் போனது. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் மற்றக் கலைஞர்களும் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. இரவு முழுக்க நடக்கும் கூத்தில் மிருதங்கமும் டோலக்கும் வேடக்காரரின் காலைப் பார்த்து வாசிக்கின்றன. அவர் சுற்றி ஆடத் தொடங்கினால் தாளம் ஏறும், வசனத்துக்கு நின்றால் தாளமும் நிற்கும். அந்தப் பழக்கத்தில் வந்தவர் அண்ணன். சரணத்தின் கடைசி வரியில் அவர் கை தானாக வேகம் எடுக்கும். பெட்டி எடுக்காது.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்தது ஒரு நாட்டு வைத்தியம். கடைசிச் சரணத்துக்கு முன் ஸ்டைலை முழுவதுமாக நிறுத்திவிடுவேன். கார்டுகளை நானே கையால் வாசிப்பேன். தாளம் முழுக்க அவருடையது. அவர் இஷ்டத்துக்கு இழுப்பார், தள்ளுவார், பாடகரும் அவரும் கண்ணால் பேசிக்கொள்வார்கள். பல்லவிக்குத் திரும்பும்போது ‘டேப் டெம்போ’ பொத்தானில் அவர் வாசிக்கும் வேகத்தை நான்கு முறை தட்டுவேன். அந்த வேகத்திலேயே ஸ்டைல் கிளம்பும். 96இல் நின்ற பெட்டி 103இல் எழுந்திருக்கும். பெட்டி அவரைப் பின்தொடர்கிறது. அந்த நான்கு தட்டலில் என் விரல் கொஞ்சம் பிசகினாலும் அவர் திரும்பிப் பார்ப்பார், அது வேறு விஷயம்.

கச்சேரி பேச வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எத்தினி பேர் வருவீங்க?” பாட்டுக்கு ரெண்டு பேர், வாசிக்க ரெண்டு பேர் என்கிறேன். “பொட்டிலியே டோலக் வருதே, அவரு எதுக்கு?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், காசு அவர்களுடையது. அப்போது கைப்பேசியில் ஒரே பாட்டை இரண்டு விதமாகப் பதிவு செய்து வைத்திருப்பதைப் போட்டுக் காட்டுவேன். முதலில் ஸ்டைல் முழுவதும் ஓடுவது. அடுத்தது ஸ்டைலின் டோலக்கை நிறுத்திவிட்டு அண்ணன் வாசித்தது. “ரெண்டும் ஒன்னுதானே” என்று போனவர்கள் உண்டு. “ரெண்டாவது போட்டியே, அதுதான் வேணும்” என்று முன்பணம் கொடுத்தவர்களும் உண்டு. முதல் வகைதான் இன்னும் அதிகம். அதனால் ரெஜிஸ்ட்ரேஷனில் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு பொத்தான் வைத்திருக்கிறேன்: ஒன்றில் டோலக் உண்டு, இன்னொன்றில் இல்லை.